அரசியின் தொடையில் தெறித்த சில்லு: புதுமண்டபச் சிலையும் அதைச் சுற்றிய கதைகளும்

கொடைக்கானல், வட்டக்கானல் என்று மலையேறப் போகிற வழியில் மதுரையில் ஒருநாள் தங்குகிறவர்களுக்கும் இந்தக் கதை காதில் விழுந்துவிடும். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கிறது புதுமண்டபம். அதன் நடுவே, தொந்தியும் ஆபரணங்களுமாகக் கைகூப்பி நிற்கும் திருமலை நாயக்கரைக் காட்டிவிட்டு, ஊர்க்காரர் பார்வையாளரின் கண்ணைப் பக்கத்திலுள்ள அரசியிடம் திருப்புவார். “தொடையைப் பாருங்கள், ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறதா?” அதற்குப் பிறகு வருவது இரண்டு கதைகளில் ஒன்று.

முதலாவது சிரிப்பில் தொடங்கும் கதை. தஞ்சையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இளவரசிக்குத் திருமலை நாயக்கர் தம் அரண்மனையைப் பெருமையோடு சுற்றிக் காட்டுகிறார். அவளோ, பிறந்த வீட்டு அரண்மனைக்கு இது கால் தூசு பெறாது என்று எள்ளிவிடுகிறாள். சினந்த அரசர் குறுவாளை வீச, அது தொடையில் பட்டது. அந்த வடுவே சிலையிலும் இருக்கிறது என்று கதை முடியும்.

இரண்டாவது வியப்பில் தொடங்குகிறது. சுமந்திரமூர்த்தி ஆசாரி அரசியின் உருவத்தைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு தெறித்துவிடுகிறது. கலங்கிய சிற்பியிடம் அமைச்சர் நீலகண்ட தீட்சிதர், “அப்படியே இருக்கட்டும், சாமுத்திரிகா லட்சணப்படி அரசிக்கு அந்த இடத்தில் மச்சம் இருக்க வேண்டும்” என்கிறார். செய்தி அரசர் காதுக்கு எட்டுகிறது. அந்தரங்க அடையாளம் அமைச்சருக்கு எப்படித் தெரிந்தது என்ற ஐயத்தில் அவர் கண்ணைப் பறிக்க ஆணை பிறக்கிறது. ஆணை வந்து சேருமுன், பூசையிலிருந்த தீட்சிதர் கற்பூர ஆரத்தியால் தம் கண்களைத் தாமே அவித்துக்கொள்கிறார். அரசர் மனம் வருந்துகிறார். தீட்சிதர் மீனாட்சி மீது ‘ஆனந்தசாகரஸ்தவம்’ பாடுகிறார்.

புதுமண்டபச் சிலைகளில் உள்ள அரசர்கள் யார் யார் என்பதை ஹிராஸ் பாதிரியார் 1920களிலேயே ஆராய்ந்து எழுதினார். நாயக்கர் கால அரச உருவச் சிற்பங்களைப் பற்றி அண்மைக் காலத்தில் கிறிஸ்பின் பிரான்ஃபூட் விரிவாக எழுதியிருக்கிறார். அரசியரை அடையாளம் காண்பதில் அந்த உறுதி இல்லை. அந்த இடைவெளியில்தான் கதைகள் குடியேறின.

இக்கட்டுரை மறுப்பது, இரண்டாவது கதையை அப்படியே வரலாறாகக் கொள்ளும் தீட்சிதர் வரலாற்று மரபை. தீட்சிதர் உண்மையான ஆள், அதில் ஐயமில்லை. அப்பைய தீட்சிதரின் குடும்பத்தில் வந்தவர். ‘கலிவிடம்பனம்’ என்ற கூரிய அங்கதமும் ‘சிவலீலார்ணவம்’ என்ற திருவிளையாடல் காவியமும் அவருடையவை. திருநெல்வேலிக்கு அருகே தாமிரபரணிக் கரையிலுள்ள பாலாமடையில் அவர் கடைசிக் காலத்தைக் கழித்தார் என்பது வழக்கு. இத்தனை பெரிய ஆளுமையின் துறவுக்கும் பக்திப் பாடலுக்கும் ஒரு காரணம் தேடிய மரபு, அதைச் சிலையின் வடுவில் கண்டெடுத்தது.

ஆனால் அந்தக் காரணம் மதுரையில் பிறந்ததல்ல. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் இயற்றிய ‘கதாசரித்சாகர’த்தின் முதற்பகுதியிலேயே அது இருக்கிறது. யோகநந்தன் என்ற அரசனையும் அவன் அரசியையும் ஓர் ஓவியன் வரைகிறான். படத்தைப் பார்த்த அமைச்சர் வரருசி, மற்ற லட்சணங்களை வைத்துப் பார்த்தால் அரசிக்கு இடையில் ஒரு மச்சம் இருக்க வேண்டும் என்று கணித்து, அதைத் தாமே தீட்டிவிடுகிறார். அரசனுக்கு ஐயம் பிறக்கிறது. வரருசியைக் கொல்லச் சகடாலனுக்கு ஆணை போகிறது. சகடாலன் அவரைக் கொல்லாமல் ஒளித்துவைக்கிறான். பிறகு இளவரசனின் பித்துக்கு வரருசி காரணம் கண்டு சொல்லும்போது, மச்சத்தை அறிந்ததுபோலவே இதையும் அறிந்தேன் என்கிறார். அரசன் நாணுகிறான்.

அரசியின் உருவம், மறைவிடத்து அடையாளம், சாமுத்திரிகம் கற்ற அமைச்சர், அரசனின் ஐயம், பிறகு வருத்தம் என ஐந்து கண்ணிகளும் இரண்டிலும் ஒரே வரிசையில் வருகின்றன. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. மாறியவை இரண்டு, அவற்றில்தான் மதுரையின் கைவண்ணம் தெரிகிறது. ஓவியத்தில் மச்சத்தைச் சேர்க்கலாம். கல்லில் கழிக்கத்தான் முடியும். ஆகவே படம் சிலையானதும் தீட்டிய புள்ளி தெறித்த சில்லாக மாறியது, கதைக்குள் ஆசாரி நுழைந்தார். கொலைத் தண்டனை கண்ணிழப்பாக மாறியதற்கும் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கயற்கண்ணி ஆளும் ஊர் இது. திருவொற்றியூரில் பார்வை இழந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்ற சுந்தரரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அடியார் ஒருவர் கண்ணிழந்து பாடுவது புரியாத செய்தியல்ல.

கதாசரித்சாகரத்துக்கு மூலமான பிருகத்கதை தமிழில் ‘பெருங்கதை’யாக முன்பே வந்துவிட்டது. ஆனால் வரருசி கதை மதுரைக்கு வந்தது அந்த வழியில்தான் என்று சொல்லச் சான்றில்லை. வடமொழி வித்வான்களின் வாய்மொழியாக வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

தஞ்சை இளவரசி கதைக்கு வேறொரு சிக்கல் உண்டு. புதுமண்டபத்தைக் கட்டி முடித்ததாக 1633 என்றும் 1635 என்றும் சொல்கிறார்கள். திருமலை நாயக்கர் மகாலுக்கு வழக்கமாகக் கொள்ளும் ஆண்டு 1636. இந்த ஆண்டுகள் சரியென்றால், அரசி எள்ளிய அரண்மனை எழும்புவதற்கு முன்பே அவள் சிலை நின்றுவிட்டது! அவள் பார்த்தது பழைய அரண்மனையாகவும் இருக்கலாம், ஆண்டுகளும் முன்பின் ஆகலாம் என்பதால் இதை முடிவான சான்றாக நிறுத்த இயலாது. கதையின் சூட்டுக்கு மட்டும் ஒரு விளக்கம் உண்டு. 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கர் பெண் கேட்டு, தஞ்சை விஜயராகவ நாயக்கர் மறுக்க, போர் மூண்டு தஞ்சை நாயக்கர் ஆட்சியே அழிந்தது. தஞ்சைப் பெண், மதுரை அரசன், ஆத்திரம் என்ற மூன்றும் ஒரே கதையில் சேர்ந்தது அந்த நினைவுக்குப் பிறகுதான் என்று இக்கட்டுரை கருதுகிறது.

ஆக, ஒரு வடுவைப் பார்த்து ஒரு கூட்டம் வாய்த்துடுக்கான பெண்ணைக் கண்டது. இன்னொரு கூட்டம், கல் தவறினாலும் உண்மையில்தான் போய் விழும் என்கிற அளவுக்குத் தத்ரூபமான சிற்பத்தைக் கண்டது. சிற்பிக்கு இரண்டாவதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

முடியாமல் நிற்பது ஒரே கேள்வி. அந்தச் சில்லு உளி வேலையின்போதே தெறித்ததா, பின்னால் உடைந்ததா? பல தலைமுறையாக மண்டபத்தை நிறைத்திருந்த தையற்கடைகளும் வளையற்கடைகளும் புத்தகக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. தூண்களை நெருங்கிப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. கல்வேலை தெரிந்த ஒரு ஸ்தபதியை அழைத்துவந்து, அந்த வடுவின் விளிம்பில் மெருகு ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கடைகளில் உட்கார்ந்து இந்தக் கதைகளை வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதுரை வாசகர்கள் அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.