புறாமலை: மனிதர் குடியிராத ஒரு தீவின் சரித்திரம்

நமது ராகலை மலைகளிற் பெய்யும் மழை எங்கே போய்ச் சேருகின்றது என்று அன்பர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? அட்டன் பக்கத்து மழைநீரில் ஒரு பகுதி களனி கங்கை வழியாக மேற்கே ஓடிக் கொழும்புக்கு அண்மையிற் கடலை அடைகின்றது. நம் பக்கத்து நீரோ, தேயிலை மலைகளின் கான்களில் இறங்கி, சிற்றோடைகளாய்க் கூடி, மகாவலி கங்கையிற் கலக்கின்றது. 335 கிலோமீற்றர் நீளமுடையதும் இலங்கை நதிகளுள் மிக நீண்டதுமாகிய அம்மகாவலி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலோடு சங்கமமாகின்றது. அக்குடாவுக்கு வடக்கே கோணேசர் கோயில் கொண்ட திருகோணமலை விளங்குகின்றது. கடலைக் காணாது வளரும் மலைநாட்டுப் பிள்ளைகளாகிய நமக்கும் அக்கிழக்குக் கரைக்கும் இவ்வாறு ஒரு நீர்வழி உறவு உண்டு. அந்தக் கரையிலுள்ள ஒரு சிறு பாறைத் தீவைப் பற்றியே இக்கட்டுரையிற் சில கூற விரும்புகின்றோம்.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில், உப்புவெளி, சாம்பல்தீவு ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழப் பத்து மைல் தூரம் சென்றால் நிலாவெளி என்னும் கிராமத்தை அடையலாம். பெயருக்கேற்ப வெண்மணல் பரந்த கடற்கரை அது. கரையில் நின்று கிழக்கே நோக்கினால், சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில், யானை ஒன்று நீரிற் படுத்திருப்பது போலப் பாறைக் குன்றொன்று தோன்றும். அதுவே புறாமலை. புறாத்தீவு என்றும் கூறுவர். உண்மையில் அவை பெரியதும் சிறியதுமான இரண்டு தீவுகள். பெரிய தீவின் நீளம் சுமார் 200 மீற்றர். அகலம் சுமார் 100 மீற்றர். அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 45 மீற்றருக்குச் சற்றே குறைவு. அதனைச் சுற்றி முருகைக்கற்பாறை வேலி போல அமைந்துள்ளது. சிறிய தீவைச் சூழ்ந்து மேலும் பல பாறைகள் நீரில் தலைநீட்டி நிற்கின்றன.

மனிதர் எவரும் குடியிராத இத்தீவுக்குச் சரித்திரம் ஏது என்று சிலர் வினவக்கூடும். அரசரும் போரும் கோட்டையும் இருந்தாற்றான் சரித்திரம் என்று பள்ளிக்கூடத்திற் படித்து விட்டோம். ஆயினும், குடியிராத இடத்துக்கு வந்து போன மனிதர் அங்கே எவ்வாறு நடந்து கொண்டனர் என்பதும் சரித்திரமேயாகும். அதை அறியுமுன், அத்தீவைத் தன் முன்னே கொண்டிருக்கும் கரையின் கதையைச் சிறிது அறிதல் வேண்டும்.

கிறிஸ்துவுக்குப் பின் ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தேவாரத்தாற் பாடிய தலம் திருக்கோணமலை. பாறை முனையில் அமைந்திருந்த அப்பழைய ஆலயத்தை 1620களிற் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். சில மாதங்களுக்குள் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் அவர்களிடமிருந்து பறித்துக் கொண்டார். ஈற்றில் 1795இல் ஆங்கிலேயர் நிலைபெற்றனர். அத்துறைமுகத்தின்மேல் இத்தனை வல்லரசுகளுக்கு அத்தனை ஆசை!

இக்கரையிற் சிக்கிய ஒருவருடைய கதை நமது மலைநாட்டையும் தொடுகின்றது. கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ‘ஆன்’ என்னும் கப்பலைச் சேர்ந்த ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞரை 1660இற் கண்டி மன்னனின் ஆட்கள் சிறைப்பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். அவர் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் தப்பியோடி, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நாளில் கண்டி மன்னர் கடலோடு தொடர்பு கொண்ட வாயில்களுள் கொட்டியாரமும் ஒன்றாயிருந்தது.

இனித் தீவுக்கு வருவோம். புறாமலை என்னும் பெயர், அங்கே கூடுகட்டி வாழும் நீலநிறப் பாறைப் புறாக்களால் வந்தது. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இத்தீவுக்குப் புறாவின் பெயரே வழங்குகின்றது. மூன்று மொழிகளும் ஒத்துக்கொண்ட விஷயங்கள் நம் நாட்டிற் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. கோயிற் கோபுரங்களிலும் கடைவீதிக் கூரைகளிலும் நாம் காணும் மாடப்புறாக்களின் மூதாதையர் இப்பாறைப் புறாக்களேயாம். ஆதியிற் கடலோரக் கற்பிளவுகளில் முட்டையிட்ட பறவை, மனிதன் மாடமும் கோபுரமும் கட்டியபோது அவற்றையும் பாறையென எண்ணிக் குடிபுகுந்தது. ஊர்ப்புறா எங்கும் உண்டு. காட்டுப்புறாவாகவே இருந்து பாறையிற் கூடுகட்டும் இனம் இலங்கையில் மிக அருகிவிட்டது. அதற்கு எஞ்சிய மிகச் சில இடங்களுள் முக்கியமானது இந்தத் தீவு.

இத்தகைய இடத்தை ஆங்கிலேயர் காலத்தில் எதற்குப் பயன்படுத்தினர் என்பதை அறிந்தால் அன்பர்கள் வருந்துவர். துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குரிய இலக்காக அதனைக் கொண்டனர்! ஆளில்லாத பாறைதானே என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆள் இல்லை என்பது மெய். உயிர் இல்லை என்பது பொய்யன்றோ?

இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. 1957இல் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். அதன் பின் அக்கரையின் சரித்திரத்தில் ஒரு நல்ல திருப்பம் நேர்ந்தது. 1950இல் மண்ணிற் புதைந்திருந்த கோணேசர் கோயிற் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டிருந்தன. 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் கடலில் மூழ்கிப் பழைய ஆலயத்தின் கற்களைக் கண்டனர். புதுப்பிக்கப்பெற்ற ஆலயத்துக்கு 1963இற் கும்பாபிஷேகம் நடைபெற்றது. அதே 1963இல், வடக்கேயுள்ள புறாமலை சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஒரு பாறையில் மூர்த்திக்கு மீண்டும் இடம் கிடைத்த அதே ஆண்டில், இன்னொரு பாறையிற் பறவைக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. இவ்விரண்டையும் ஒருவர் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்து நினைப்பது நமக்கு உவப்பாக இருக்கின்றது.

பறவையைக் காத்த பின்னரும் நீருக்கடியில் உள்ளதைப் பற்றி நெடுங்காலம் பலர் எண்ணவில்லை. முருகைக்கல் என்பது கல்லன்று. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் தம் உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்பினாற் கட்டும் வீடு. புறாமலையைச் சுற்றிச் சுமார் 100 வகை முருகைகளும் 300 வகை மீன்களும் உள்ளன என்பர். செட்டையின் நுனி கறுத்த சிறு சுறாக்கள் ஆழமில்லாத நீரிலேயே உலாவும். கடலாமைகளும் வந்து போகும். முருகையைத் தின்னும் முள் நட்சத்திரமீன் 1970களிற் பெருகி அங்கே சேதம் விளைத்தது. 1998இற் கடல் நீர் மிகையாகச் சூடேறி இலங்கையின் பல பகுதிகளில் முருகைகள் வெளிறி மாண்டபோதோ, திருகோணமலைப் பக்கத்து முருகைகள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தன. ஆகவே அவற்றின் அருமை அறியப்பட்டு, 2003இல் தீவும் சூழ்ந்த கடலுமாக ஏறத்தாழ 471 ஹெக்டயர் பரப்பு தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. அக்காலத்தில் இலங்கையிற் கடல்சார்ந்த தேசியப் பூங்காக்கள் இதுவும் ஹிக்கடுவையுமாக இரண்டே.

அடுத்த ஆண்டே, 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையைச் சூறையாடியது. அதற்கு முன்னும் பின்னும் யுத்தம். 2009இல் யுத்தம் முடிந்ததும் வழி திறந்தது. தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் திரள் திரளாக வந்தனர். குண்டுக்கும் வெப்பத்துக்கும் தப்பிய முருகைகள் இப்பொழுது பார்க்க வந்தவர்களின் காலடியில் ஒடியலாயின.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறைக்காது கூறல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் இளைஞர்கள் ஒரு பஸ் வண்டியில் கண்டி, தம்புளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை சென்று, கோணேசரைத் தரிசித்து, மறுநாள் நிலாவெளியிற் படகேறிப் புறாமலையையும் கண்டோம். கோயிலுக்குள் செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி நடந்த நாமே, தீவில் இறங்கியதும் கூச்சலிட்டு ஓடினோம். இடுப்பளவு நீரில் முருகைகளின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக் கொண்டோம். காலின் கீழே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது, சிரித்தோம். மான்கொம்பு போற் கிளைத்த வெண்கல் ஒன்றைத் துவாயிற் சுற்றி ஊருக்குக் கொண்டும் வந்தோம். அதை எடுத்தல் சட்டவிரோதம் என்று நமக்கு அன்று தெரியாது. தெரிந்து கொள்ள முயலவும் இல்லை. இன்றும் அக்கல் நம்மில் ஒருவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், நிறம் மங்கித் தூசு படிந்து இருக்கின்றது.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் சில மாதங்களிற் துளிர்க்கும். மீண்டும் கொழுந்து பறிக்கலாம். அப்பழக்கத்தால், எதை ஒடித்தாலும் துளிர்க்கும் என்று நாம் எண்ணி விட்டோம் போலும். உருண்டையாக வளரும் முருகை ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றரே வளருகின்றது. ஆள் நிற்கக்கூடிய அளவுக்கு அகன்ற ஒன்று, நம் பாட்டன்மார் கண்டிச் சீமைக்கு வந்த நாளில் முளைத்ததாயிருக்கலாம். அதன்மேல் நாம் ஒரு நிமிஷம் நின்றோம்.

நாம் யார்? காடாயிருந்த மலைகளைத் தோட்டமாக்கிய மக்களின் வழிவந்தோர். அம்மலைகளிற் பல தலைமுறை உழைத்தும், 1948இற் பிரஜாவுரிமையை இழந்து, இது உன் இடமன்று என்ற சொல்லைக் கேட்டவர்கள். 1977, 1983 ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் நம்மவருட் பலர் வடக்குக் கிழக்குப் பகுதிகளுக்கு ஓடிக் குடியேறவும் நேர்ந்தது. குரலெழுப்ப ஆளில்லாதவர் இடத்தில் யாரும் எதுவும் செய்யலாம் என்ற எண்ணம் எத்துணைக் கொடியது என்பதை நம்மைப் போல் அறிந்தவர் யார்? அவ்வெண்ணத்தையே நாம் ஒரு சிறு பாறையின்மீது காட்டினோம் என்பதுதான் நெஞ்சை உறுத்துகின்றது.

இளைஞர்களே! கோணேசரைத் தரிசிக்க நாம் மறுபடியும் போவோம். கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களிற் புறாமலைக்கும் போவோம். வனசீவராசிகள் திணைக்களத்தார் சொல்லும் விதிகளைக் கேட்டு, முருகைமேற் கால் வையாமல், மணலிற் குப்பை போடாமல், புறாக்கள் கூடுகட்டும் பாறையில் ஏறாமல், பார்த்துவிட்டு வருவோம். அலுமாரியில் இருக்கும் அந்தக் கல்லையும் எடுத்துச் சென்று, அங்குள்ள உத்தியோகத்தரிடம் நடந்ததைச் சொல்லி ஒப்படைப்போம். செத்த முருகை உயிர்க்கப் போவதில்லை. எனினும் பொருள் யாருடையதோ அவ்விடத்துக்கே திரும்புதல் முறையாகும்.

இக்கட்டுரையை எழுதும் இன்றைக்கும் ராகலையில் மழை பெய்கின்றது. கான்களில் ஓடும் தண்ணீர் மகாவலியைத் தேடிக் கிழக்கே போகின்றது. அதன் பின்னே நாமும் ஒரு நாள் போவோம். இம்முறை அடக்கமாகப் போவோம்.