கம்பளிக் குரங்கின் சாட்சி

தன்னைப் பெருகச் சொல்லும் புரதத்தைப் புற்றுச் செல் தானே தயாரித்துக்கொள்கிறது என்று 1980-இல் ஸ்போர்னும் டொடாரோவும் எழுதியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். தடயங்கள் இருந்தன. ஆனால் ஆசாமி கையும் களவுமாகச் சிக்கவில்லை.

சிக்கவைத்தது ஒரு கம்பளிக் குரங்கு. யார் வீட்டிலோ செல்லமாக வளர்ந்த அதற்குக் கட்டி வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அந்தக் கட்டியிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்த ‘சிஸ்’ மரபணு நல்ல செல்லையும் புற்றாக்கியது. எப்படி என்றுதான் பிடிபடவில்லை.

இதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல இன்னொரு கதை. 1974-இல் சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸ் குழு தமனித் தசைச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தது. உறைந்த ரத்தத்தின் சீரத்தை ஊற்றினால் அவை மளமளவெனப் பெருகின. தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாவை ஊற்றினால் சும்மா கிடந்தன. அப்படியானால் ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் எதையோ வெளியே விடுகின்றன. காயம் ஆற உடம்பு செய்துவைத்த ஏற்பாடு அது. அந்தப் புரதத்துக்கு பி.டி.ஜி.எஃப் என்று பெயர். கிடைப்பதோ துளியளவு, அதன் அமினோ அமில வரிசையைப் படிக்க 1983 ஆகிவிட்டது.

சான் டியேகோவில் ரஸ்ஸல் டூலிட்டிலுக்கு ஒரு பழக்கம். எந்த இதழில் புரத வரிசை வந்தாலும் எழுத்து எழுத்தாகக் கணினியில் தட்டி ஏற்றிவிடுவார். மகனும் கைகொடுத்ததுண்டு. குமாஸ்தா வேலைதான், ஆனால் பலித்தது. பி.டி.ஜி.எஃப் வரிசையின் தொடக்கம் அச்சில் வந்ததும் அதையும் ஏற்றி, பழையவற்றோடு ஒப்பிட்டார். ஒன்று பொருந்தியது.

குரங்கு வைரஸின் சிஸ்!

காயம் ஆற்றும் புரதத்தின் மரபணுவைக் குரங்கின் செல்லிலிருந்தே வைரஸ் களவாடியிருந்தது. அது புகுந்த செல், காயமே இல்லாமல், ‘பெருகு, பெருகு’ என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது.

லண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டின் குழுவும் இதே பொருத்தத்தைக் கண்டிருந்தது. 1983 ஜூலையில் அவர்கள் கட்டுரை ‘நேச்சர்’ இதழிலும், டூலிட்டிலுடையது சில நாள் கழித்து ‘சயன்ஸ்’ இதழிலும் வந்தன. மயிரிழையில் முந்தியது லண்டன்.

வழக்கு முடிந்த மாதிரிதான் தெரிந்தது. ஆனால் வாட்டர்ஃபீல்டின் பார்வை அடுத்து விழுந்தது கோழிகளுக்கு ரத்தப் புற்று தரும் ஒரு வைரஸின் மீது. அதன் மரபணு எந்த வளர்ச்சிப் புரதத்தையும் தயாரிக்கவில்லை. செல்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருந்தன.

உத்தரவு போட ஆளே இல்லையென்றால், அவை யாருக்குக் கீழ்ப்படிந்தன?

(தொடரும்)