இந்தியத் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை

இந்தியத் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை (நாடா) என்பது விளையாட்டு வீரர்களிடம் சிறுநீர், இரத்த மாதிரிகளைச் சேகரித்து, தடைசெய்யப்பட்ட மருந்துகளைப் பயன்படுத்தியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும் அமைப்பாகும். 2005 நவம்பர் 24 அன்று சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இது பதிவு செய்யப்பட்டது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் (வாடா) விதித்தொகுப்பு 2004இல் நடைமுறைக்கு வந்த பின்னர், ஒவ்வொரு நாட்டிலும் இத்தகைய அமைப்பு தேவைப்பட்டது.

மாதிரி இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடப்படும். முதற்குப்பியில் மருந்து கண்டறியப்பட்டால், இரண்டாவதைச் சோதிக்கக் கோரும் உரிமை வீரருக்கு உண்டு. உடலில் மருந்து இருந்தாலே அது விதிமீறல்தான். அது எப்படி வந்தது என்பதை வீரரே விளக்க வேண்டும். நாடாவைச் சுற்றி எழுந்த பெரிய வழக்குகள் பெரும்பாலும் இந்த விளக்கத்தைப் பற்றியவையே.

2010இல் தில்லி பொதுநலவாய விளையாட்டுகளிலும் குவாங்சோ ஆசிய விளையாட்டுகளிலும் தங்கம் வென்ற மகளிர் 4x400 மீட்டர் தொடரோட்ட அணியில் மூவர், மறு ஆண்டே ஊக்கமருந்து சோதனையில் சிக்கினர். பயிற்சியாளர் தந்த ஜின்செங் ஊட்டப்பொருளில் கலப்படம் இருந்ததாக அவர்கள் வாதிட்டனர். இந்திய ஒழுங்குக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. 2012இல் விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் அதை இரண்டாண்டாக உயர்த்தியது.

நான்கு ஆண்டுகள் கழித்து இதே முரண்பாடு இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. ரியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றிருந்த மற்போர் வீரர் நர்சிங் யாதவின் மாதிரியில் மெத்தாண்டியனோன் இருந்தது. தன் உணவிலோ பானத்திலோ எதிரிகள் மருந்தைக் கலந்துவிட்டனர் என்றார் அவர். 2016 ஆகஸ்ட் 1 அன்று நாடாவின் குழு அதை ஏற்று அவரை விடுவித்தது. வாடா மேல்முறையீடு செய்தது. மருந்தின் அளவு, மாத்திரையாக உட்கொண்டதையே காட்டுகிறது என்று வல்லுநர் சாட்சியம் சொன்னார். சதிக்குச் சான்று இல்லை என்று கூறிய தீர்ப்பாயம், அவர் களமிறங்குவதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 18 அன்று, நான்கு ஆண்டுத் தடை விதித்தது. தாய்நாட்டுக் குழு நம்பிய கதையை வெளிநாட்டுத் தீர்ப்பாயம் நம்பவில்லை. பதக்க வாய்ப்புள்ள வீரர் விசயத்தில் உள்நாட்டு அமைப்பு கண்டிப்பாக இருக்குமா என்ற ஐயத்திற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

செல்வாக்கு மிக்க துடுப்பாட்டம் நெடுங்காலம் நாடாவுக்கு வெளியிலேயே நின்றது. தாங்கள் தன்னாட்சி அமைப்பு என்பது துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வாதம். இருமல் மருந்தில் இருந்த டெர்பூட்டலினுக்காகப் பிரித்வி ஷாவுக்கு வாரியமே எட்டு மாதத் தடை விதித்த செய்தி வெளியான சில நாட்களில், 2019 ஆகஸ்டில், வாரியம் நாடாவின் சோதனைக்கு இணங்கியது. அதே மாதத்தில் தில்லியின் தேசிய ஊக்கமருந்து சோதனைக்கூடத்தின் அங்கீகாரத்தை வாடா இடைநிறுத்தியது. 2021 டிசம்பரில்தான் அது மீண்டும் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் மாதிரிகள் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டன.

2022இல் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் நிறைவேறி, நாடாவுக்குச் சட்ட அடித்தளம் கிடைத்தது. ஆனால் அச்சட்டம் அமைத்த தேசிய வாரியத்திற்கு முகமையை மேற்பார்வையிடும் அதிகாரம் இருந்ததை வாடா அரசுத் தலையீடாகக் கருதியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நாடாவின் அன்றாடச் செயற்பாடுகளில் வாரியமோ அரசோ தலையிட முடியாதபடி செய்தது.