சப்பிரகமுவத் தோட்டங்களில் மண்ணும் மழையும்: உழவறிவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

காலநிலை மாற்றம் பற்றிய இன்றைய ஆய்வுகளிலே 'சுதேச வேளாண்மை அறிவு' என்னுந் தொடர் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. பெருமழையையும் நெடுவரட்சியையும் தாங்குதற்கு முன்னோர் கையாண்ட முறைகளை மீட்டெடுத்தல் வேண்டும் என்பது அதனை எடுத்தாள்வோர் கருத்து. கருத்து நல்லதே. ஆயினும் உழவறிவு நிலத்தினின்றும் பிரிந்து அந்தரத்தில் நிற்பதன்று. அதனைக் கையாளும் உரிமை யாருக்கிருந்தது, யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்னும் வினாக்களை விடுத்து அதன் வரலாற்றை எழுதுதல் இயலாது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டப் பகுதிகளை இவ்வினாக்களுடன் நோக்க முற்படுகின்றோம்.

இம்மாகாணம் தென்மேற்குப் பருவக்காற்றின் நேர்வழியிற் கிடக்கின்றது. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றர் அளவிலும் அதற்கு மேலும் மழை பெய்கின்றது. இத்தகைய நாட்டில் உழவனின் சிக்கல் நீரைத் தேடுவதன்று. மண்ணை இழக்காமல் நீரை வழியனுப்புவதே. தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்னர் இங்குள்ள கிராமத்தவர் மூவகை நிலத்தைக் கையாண்டனர்: பள்ளத்திலே வயல், வீட்டைச் சூழ மரத்தோட்டம், மேட்டிலே சேனை. வீட்டுத் தோட்டத்திலே தென்னையும் கமுகும் கித்துளும் மேலே நிற்க, அவற்றின் கீழ்ப் பலாவும், மரத்திற் படர்ந்த மிளகும், அடியிலே கிழங்கும் இஞ்சியும் மஞ்சளும் வளர்ந்தன. மழைத்துளி தரையைத் தொடுமுன் நான்கைந்து இலையடுக்குகளில் மோதி வேகமிழந்தது. சேனையிலே ஓரிரு போகம் விளைவித்தபின் காடு மீளுமாறு நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டனர்.

வயலிலும் இதே விவேகத்தைக் காண்கின்றோம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலிலே, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று மாதங்களில் முதிரும் நெல்வகைகளைத் தனித்தனிப் பெயர்களுடன் குறிப்பிடுகின்றார். நீர் எத்தனை மாதம் கிடைக்கும் எனக் கணித்த பின்னரே எவ்விதையை இடுவது எனத் தீர்மானித்தனர் என்பது அவர் குறிப்பினின்றும் பெறப்படும். வானத்தின் போக்குக்கேற்ப விதையை மாற்றுதல் என்ற இன்றைய பரிந்துரை மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டு உழவரின் வழக்கமாயிருந்தது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலமெல்லாம், உரிமை நிறுவப்படாவிடத்து, முடிக்குரியதெனக் கருதியது. சேனையின் உயிர்நிலை அதன் தரிசுக்காலமே. அதனையே 'பயன்படுத்தப்படாத நிலம்' எனச் சட்டம் வாசித்தது. காட்டை அழிக்கும் வீணான முறையெனச் சேனையைக் கண்டித்த அதே ஆட்சியாளர், ஒருபோதும் மீண்டும் காடாக விடப்படாத மாபெரும் வெளிகளைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் பின்னர் இறப்பருக்குமாக வெட்டித் தள்ளினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இறப்பர் விலையேற்றத்தின் பின் கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளின் தோற்றமே மாறிற்று.

தோட்டத்தின் வேளாண்மைக் கொள்கை தூய்மையான களையெடுப்பு. ஒரு புல்லும் இல்லாத தரையே துரைமாரின் பெருமைக்கு அளவுகோலாயிற்று. இதற்கெனப் பயன்பட்ட கருவி சுரண்டி. தமிழ்ப் பெயரோடே அது இலங்கையின் ஆங்கிலத் தோட்டக்கலை எழுத்துகளிலும் இடம்பெற்றது. களையெடுப்பு ஏக்கருக்கு மாதம் இவ்வளவு என்னும் கொந்தரப்பிலே கங்காணியிடம் விடப்பட்டது. களையை வேரோடு பிடுங்குதலினும் மேல்மண்ணோடு சேர்த்துச் சுரண்டுதல் விரைவானது. கூலியோ விரைவுக்கே கிடைத்தது. சுரண்டியின் கைப்பிடி தொழிலாளியிடம் இருந்ததாற் குற்றமும் அவன்மேற் சுமத்தப்பட்டது. மண்ணைச் சுரண்டியவன் அறியாமையாற் சுரண்டினான் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. அவ்வாறு செய்யுமாறே அவனுடைய கூலி வகுக்கப்பட்டிருந்தது.

அழிவை ஆட்சியாளர் அறியாமலில்லை. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் ஹூக்கர் 1873இலே விடுத்த எச்சரிக்கையைத் தொடர்ந்து, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்றல் தடுக்கப்பட்டது. மலைமுடிகள் தப்பின. ஆனால் சப்பிரகமுவத் தோட்டங்களிற் பெரும்பாலானவை அக்கோட்டுக்கு மிகக் கீழே கிடந்தன. சிவனொளிபாதமலைக் காடு காக்கப்பட, அதன் அடிவாரத்துச் சரிவுகள் கைவிடப்பட்டன. 1931இல் மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை வந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் வர 1951 ஆயிற்று. இறப்பர் மரங்களுக்கிடையே அவரையினக் கொடிகளைத் தரைமூடியாக வளர்க்கும் வழக்கமும், தேயிலைச் சரிவுகளிலே சமவுயரக் கோட்டில் கிளிசரியா வேலிகளை நிறுத்தும் முறையும் விஞ்ஞானத்தின் பெயரால் இடம்பெறலாயின. வெற்றுத்தரை ஆகாது என்பதே இவற்றின் சாரம். கிராமத்தவரின் வீட்டுத்தோட்டம் அதனை முன்னரே கூறியிருந்தது.

மரபறிவு யாவற்றுக்கும் மருந்தென நாம் வாதிடவில்லை. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தபோது, ஓடவேண்டிய ஆறுகள் குட்டைகளாய்த் தேங்க, அவற்றிலே மலேரியா நுளம்பு பெருகிற்று. அடுத்த ஆண்டின் முற்பகுதிவரை நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. மழை மிகுந்த நாட்டு மக்களின் உடலுக்கு அந்நோயிடம் எதிர்ப்புவலு இல்லை. அவர்தம் அனுபவத்திலே இதற்கு விடையும் இல்லை. இடதுசாரி இளைஞர்கள் கொயினாவுடன் கேகாலைக் கிராமங்களுக்குச் சென்றதை இலங்கையின் அரசியல் வரலாறு நினைவிற் கொள்கின்றது; அதனைக் காலநிலை வரலாறாகவும் வாசித்தல் தகும்.

தோட்டத் தொழிலாளரிடம் இருந்த அறிவு எத்தகையது? அவர்தம் முன்னோர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளினின்றும் வந்தோர். ஏரியையும் கிணற்றையும் நம்பிய வரண்ட நிலத்தார். அங்குப் பயின்றது இங்கு நேராகப் பொருந்தாது. ஆகவே அவர்களுடைய அறிவைத் தமிழகத்திலிருந்து மூட்டைகட்டிக் கொணர்ந்த பொருளாகக் கருதுதல் பிழை. அது இம்மலைகளிலே தலைமுறை தலைமுறையாக உழைப்பினாற் புதிதாக ஆக்கப்பட்டது. சரிவுக்குக் குறுக்கே எவ்வளவு சாய்வுடன் கான் வெட்டினால் நீர் அரிக்காமல் ஓடும், கானுக்குள் எங்கெங்கு மண்கட்டு விட்டால் வண்டல் தங்கும், எக்கல்லை எக்கல்லின்மேல் வைத்தால் அணை நிற்கும் என்பவற்றைக் கைகள் அறிந்திருந்தன. திட்டம் துரையினுடையதாயினும் கான் நின்றதும் சரிந்ததும் வெட்டியவனின் கணிப்பிலேயே தங்கியிருந்தது.

லயத்தின் பின்புறத்துச் சிறு துண்டு நிலம் இவ்வறிவின் மற்றொரு களம். முருங்கையும் அவரையும் கீரையும் தமிழகத்து நினைவுகள். பலாக்காயையும் கிழங்குவகைகளையும் சமைக்கும் பக்குவத்தில் அயற்கிராமத்துச் சிங்கள உழவரின் பழக்கமும் கலந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோது, கீரையும் கிழங்கும் உயிர்காத்த உணவாயின. ஆயின் அத்துண்டு நிலம் தொழிலாளிக்கு உரியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்றேயன்றி, உழைத்தவனுக்கு நிலம் தரவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களிலே தமிழர்மேல் நிகழ்ந்த வன்செயல்களால் ஓடியவர்கள் உடைமைகளுடன் தம் விதைகளையும் விட்டுச் சென்றனர். பலவருடம் கழித்துக் காய்க்கும் மரத்தை நாளை இருப்போமா என்றறியாதவன் நடமாட்டான். தோட்டத்து மக்களிடையே மரப்பயிர் அருகியும் குறுகியகாலக் கீரை மிகுந்தும் காணப்படுவதற்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை. சுதேசிகளல்லர் என ஒதுக்கப்பட்டோரின் அறிவு சுதேச அறிவுப் பட்டியல்களிலே இடம்பெறாமையும் இயல்பே.

2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கிற்று. அதே நாளில் புலத்கொஹுப்பிட்டியவின் களுபஹன தோட்டத்திலே லயன் வீடுகளும் புதையுண்டன. ஊற்று கலங்குதல், மரம் சாய்தல், தரை வெடித்தல் ஆகியவற்றைச் சரிவின் முன்னறிகுறிகளாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்று பரப்பி வருகின்றது. பீலியிலே நாள்தோறும் நீர்பிடிப்போர் கலங்கலை முதலிற் காண்பர். கண்டபின் செல்வதற்கு இடம் வேண்டுமே! லயம் எங்கே கட்டப்படவேண்டும் என்பதை அதில் வாழ்ந்தோர் ஒருபோதும் தீர்மானித்ததில்லை.

மரபின் பெயராலே மேலிருந்து இடப்படும் ஆணைகளையும் ஐயத்துடன் நோக்குதல் வேண்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே தடை கைவிடப்பட்டது. விளைச்சல் குன்றியபோது கொழுந்தின் நிறையை நம்பிய தொழிலாளியின் கூலியே முதலிற் குறைந்தது. இயற்கை உரம் கால்நடையும் தழையும் காலமும் கேட்பது. வர்த்தமானி அறிவித்தலால் எரு விளையாது.

பிரசாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன் பெருமளவு தீர்ந்தது. நிலம் தீரவில்லை. புதிய வீட்டுத் திட்டங்களின் கீழ்ப் பல குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் வழங்கப்பட்டது. ஏக்கரொன்றின் இருபத்திரண்டில் ஒரு பங்கிலும் அது குறைவு. அதிலே வீடும் கிணறும் மலகூடமும் அமைந்தபின், ஒரு பலாமரம் நிழல் விரித்தால் மிளகுக்கோ கமுகுக்கோ இடமிராது.