விசையும் விரலும்: பயில்வோர்க்கு ஒரு கைத்துப்பாக்கி வந்த வரலாறு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் போர்க்களத்தில் வென்ற கருவிகளைப் பற்றியே எழுதுவர். கற்பவன் கையில் முதன்முதல் தவழ்ந்த கருவியைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆயினும் ஒரு கலை நாட்டில் பரவுவதும் சிலரோடு நின்றுவிடுவதும் அந்த முதற்கருவியைப் பொறுத்தனவே. மெட்டுத் தவறிய வீணையில் பாடம் தொடங்கும் மாணவன், பிழை வீணையில் உள்ளது என்று அறியான். தன் செவியையே ஐயுறுவான். நல்ல வீணையோ எளியவன் வீட்டுக்கு எட்டாத விலையில் இருக்கும். இந்த இடர்ப்பாடு குறிபார்த்துச் சுடும் கலையிலும் நெடுங்காலம் இருந்தது. கற்கத் தொடங்குவோர்க்கு ஏற்ற விலையில், நல்ல விசையுடன் கூடிய கைத்துப்பாக்கி எவ்வாறு தோன்றியது என்னும் வரலாற்றை இங்கே நாம் காண்போம்.

முதலில் விசை என்பது யாது எனத் தெளிவோம். துப்பாக்கியின் பின்புறத்தில் தோட்டாவை வெடிக்கச் செய்வதற்காக ஓங்கி நிற்கும் சிறு சுத்தியலைத் தமிழர் குதிரை என்று அழைத்தனர். வலிய வில் ஒன்று அதனை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். சிறு பல் ஒன்று அதனைப் போகவொட்டாமல் பற்றிக்கொண்டிருக்கும். விரலால் நாம் இழுக்கும் விசை அந்தப் பல்லை விலக்குகிறது. பல் விலகியதும் குதிரை பாய்கிறது, தோட்டா வெடிக்கிறது. செயல் இவ்வளவே. ஆனால் அந்தப் பல் எவ்வளவு வழுவழுப்பாக விலகுகிறது, எவ்வளவு வலிமையை விரலிடம் கேட்கிறது, எவ்வளவு தூரம் விரலை இழுத்துச் செல்கிறது என்னும் மூன்றிலும்தான் விசையின் நன்மை தீமை அடங்கியிருக்கிறது.

இது நுட்பம் அறிந்தோரின் வீண் ஆராய்ச்சி அன்று. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கைத்துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 சென்டிமீட்டர் தூரம் இருப்பதாகக் கொள்வோம். விசையை இழுக்கும்பொழுது முன்குறி ஒரு மில்லிமீட்டர் அளவு விலகினாலும், 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கில் அது 5 சென்டிமீட்டர் பிழையாகும். 25 மீட்டரில் பன்னிரண்டரை சென்டிமீட்டராகும். துப்பாக்கியின் எடையைவிட மிகுந்த வலிமையுடன் ஒரு விரல் இழுக்க வேண்டியிருந்தால், கை அசையாமல் இருப்பது எங்ஙனம்? கண் கூர்மையாக இருந்தும், தோள் உறுதியாக இருந்தும், அந்த ஒரு விரலால் அனைத்தும் கெடும். பயிற்சி பெற்றவர் கெட்ட விசையையும் பழக்கிக்கொள்வார். புதியவரோ தமக்கு இக்கலை வாராது என்று முடிவு கட்டி விலகிவிடுவார்.

இந்தச் சிக்கல் சென்ற நூற்றாண்டில் பிறந்தது அன்று. 1836-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் தம் சுழல் துப்பாக்கிக்கு உரிமை பெற்றார். அதில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் குதிரையைப் பின்னே இழுத்து நிறுத்த வேண்டும்; அதன்பின் விசை செய்ய வேண்டிய வேலை பல்லை விலக்குவது ஒன்றே. ஆகவே விசை குறுகியதாகவும் மெல்லியதாகவும் அமைந்தது. 1851-இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் கோல்ட்டின் துப்பாக்கிக்குப் போட்டியாக இராபர்ட் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயரின் துப்பாக்கி வந்தது. அதில் கட்டைவிரலுக்கு வேலையில்லை. விசையை இழுத்தால் குதிரை பின்னே எழும்பும். மேலும் இழுத்தால் தானே பாயும். விரைவு மிகுந்தது; ஆனால் குதிரையை எழுப்பும் பாரம் முழுவதும் ஆள்காட்டி விரலின்மேல் ஏறியது. ஒருபுறம் குறி, ஒருபுறம் விரைவு என்னும் வழக்கு அன்று தொடங்கிற்று.

1856-ஆம் ஆண்டில் போமான்ட் என்னும் படை அதிகாரி இரு முறைகளையும் ஒரே கருவியில் இணைத்தார். அமைதியாகச் சுட விரும்புவோர் குதிரையைக் கையால் நிறுத்தலாம்; நெருக்கடியில் விசையை மட்டும் இழுக்கலாம். பிற்காலச் சுழல் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த வழியையே பின்பற்றின. எனினும் போர்த்துறையின் தேவை வேறு, பயில்வோரின் தேவை வேறு. பிரிட்டிஷ் படையின் என்ஃபீல்டு சுழல் துப்பாக்கியில், 1938-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த ஒரு வகையில் குதிரையின் வால் நீக்கப்பட்டது. டாங்கியின் உட்புறத்தில் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக இவ்வாறு செய்தனர் என்பர். அதன்பின் நீண்ட, கனத்த இழுப்பு ஒன்றே வழியாயிற்று. குறி தவறுகிறது என்று பலரும் அதனைக் குறை கூறினர். படைவீரர்க்கு வசதியாக அமைந்த ஒன்று, குறி கற்போர்க்கு இடையூறாகும் என்பதற்கு இது நல்ல சான்று.

பயில்வோர்க்கு உண்மையில் உதவிய மாறுதல் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் 0.22 அங்குலக் குழலுடைய சிறு சுழல் துப்பாக்கி ஒன்றை வெளியிட்டனர். அதன் தோட்டாவில் வெடிக்கும் மருந்து விளிம்பிலேயே அடைக்கப்பட்டிருந்தது. 1887-இல் அத்தோட்டா நீண்ட வடிவம் பெற்றது. இன்றும் உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படுவது அதுவே. அதன் விலை குறைவு, ஓசை குறைவு, கையை உதைக்கும் வேகமும் குறைவு. கற்பவன் நூறு தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்காமல் கற்க இயலாது அல்லவா? ஆகவே துப்பாக்கியின் விலையைப் போலவே தோட்டாவின் விலையும் அவனுடைய செலவுக் கணக்கில் சேரும். இதனை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

தோட்டா மலிந்தது, ஆனால் அதற்கேற்ற நல்ல கைத்துப்பாக்கி மலியவில்லை. 1915-ஆம் ஆண்டில் ஜான் பிரௌனிங் வகுத்த அமைப்பில் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட 0.22 அங்குலக் கைத்துப்பாக்கி, பின்னர் உட்ஸ்மன் என்னும் பெயரால் புகழ்பெற்றது. அழகிய கருவி, குறி தவறாத கருவி. ஆனால் அதன் உடல், அடித்து உருவாக்கிய இரும்புக் கட்டியிலிருந்து இயந்திரங்களால் சிறிது சிறிதாகச் செதுக்கி எடுக்கப்பட்டது. தேர்ந்த தொழிலாளரின் பல மணி நேர உழைப்பு ஒவ்வொன்றிலும் அடங்கியிருந்தது. அந்த உழைப்பு முழுவதும் விலையில் ஏறியது.

இந்நிலையை மாற்றியவர் வில்லியம் ரூகர் என்பவர். 1916-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்த இவர், ஸ்பிரிங்ஃபீல்டு அரசாங்க ஆயுதச் சாலையில் சிறிது காலம் பணியாற்றினார். போர்க்காலத்தில் இயந்திரத் துப்பாக்கி அமைப்பில் ஈடுபட்டார். போர் முடிந்தபின் தச்சுக் கருவிகள் செய்யும் தொழிலைத் தொடங்கினார், அது நொடித்துப்போயிற்று. இதற்கிடையில், அமெரிக்கப் போர்வீரர் ஒருவர் கொண்டுவந்த நம்பு என்னும் ஜப்பானியக் கைத்துப்பாக்கி அவர் கைக்கு வந்தது. அதனைப் போன்றே இரண்டைத் தம் இல்லத்துப் பட்டறையில் செய்து பார்த்து, அதன் அமைப்பை நன்கு உணர்ந்தார். அலெக்சாண்டர் ஸ்டர்ம் என்னும் ஓவியர் அவருக்கு 50,000 டாலர் முதல் கொடுத்தார். 1949-ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தின் சௌத்போர்ட் என்னும் சிற்றூரில் இருவரும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே அவர்களுடைய முதற்கருவி 37 டாலர் 50 சென்ட் விலையில் வெளிவந்தது.

விலை எங்ஙனம் குறைந்தது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. ரூகர் கைப்பிடியுடன் கூடிய உடலைக் கட்டி இரும்பிலிருந்து செதுக்கவில்லை. எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி இரு பாதிகளாக எடுத்து, இரண்டையும் பற்றவைத்து ஒன்றாக்கினார். பட்டை வில்களுக்குப் பதிலாக எளிய கம்பிச் சுருள்வில்களை அமைத்தார். மேற்பகுதிக்கு உருண்டையான எஃகுக் குழாயையே பயன்படுத்தினார். அதற்குள் உருளை வடிவான அடைப்பு முன்னும் பின்னும் ஓடியது. செலவைக் குறைத்த இடங்கள் இவை.

குறைக்காத இடங்களையும் நோக்குவோம். குழல் அந்தக் குழாயில் அசைவின்றி இறுக்கப்பட்டது. முன்குறி பின்குறி இரண்டும் அசையாத பாகங்களின்மேல் நின்றன. குதிரை உடலுக்குள் மறைந்திருந்தது. ஒவ்வொரு வெடிப்பின்பொழுதும் பின்னே ஓடும் அடைப்பே அக்குதிரையை மீண்டும் நிறுத்தியது. ஆகவே விரலுக்கு எஞ்சிய வேலை பல்லை விலக்குவது ஒன்றே. முதற் குண்டுக்கும் ஒன்பதாம் குண்டுக்கும் விசையின் இழுப்பு ஒரே தன்மையதாக இருந்தது. கோல்ட்டின் மெல்லிய விசையும் ஆடம்ஸின் விரைவும் எளியவர் வாங்கக்கூடிய கருவி ஒன்றில் கூடியதாக இதனைக் கருதலாம். கண்ணுக்குத் தெரியும் அலங்காரத்தில் சிக்கனம். விரலுக்குத் தெரியும் இடத்தில் சிக்கனமின்மை. ரூகரின் அறிவு இதில்தான் விளங்குகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. துப்புரவு செய்வதற்காகக் கழற்றினால் மீண்டும் பூட்டுவது புதியவர்க்குப் பெரும் சோதனையாக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்திக் கழற்றும் வசதி 2016-ஆம் ஆண்டில் வந்த நான்காம் வடிவத்தில்தான் கிடைத்தது. தொழிலுக்கு முதல் கொடுத்த ஸ்டர்ம், 1951-இல் இளமையிலேயே காலமானார். அவர் வரைந்த கழுகுச் சின்னத்தின் செந்நிறத்தை ரூகர் கருநிறமாக மாற்றி நண்பரின் நினைவைப் போற்றினார். அதே ஆண்டில், திருத்தி அமைக்கக்கூடிய பின்குறியுடன் இலக்குப் பயிற்சிக்கென ஒரு வகையும் வெளிவந்தது.

மலிவு என்பது இருவகைப்படும் என்பதையும் இவ்விடத்தில் கூறவேண்டும். அமெரிக்காவில் அக்காலத்தே தரமற்ற உலோகத்தால் ஆன சிறு கைத்துப்பாக்கிகளும் மிகுதியாக விலையாயின. அவற்றில் குறியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. தலைவர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்திற்குப்பின் 1968-இல் அந்நாடு இயற்றிய சட்டம், இத்தகையவை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதியாவதைத் தடுத்தது. மலிவு பயில்வோனுக்குக் கதவைத் திறக்கவும் கூடும். கயவனுக்குக் கதவைத் திறக்கவும் கூடும். கருவியின் நற்பண்பு மட்டும் போதாது. அதனை ஏந்துவோனின் ஒழுக்கமும், நாட்டின் சட்டமும் துணை நிற்றல் வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி எவரும் வெடிமருந்துத் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது. இது நன்றே. ஆகவே இங்கே கற்கத் தொடங்குவோர்க்கு ஏற்ற வழி காற்றழுத்தக் கைத்துப்பாக்கி. 1988-ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக் பந்தயங்களில் இடம்பெற்றுள்ள இப்பிரிவில், 10 மீட்டர் தொலைவில் நான்கரை மில்லிமீட்டர் ஈயக்குண்டு சுடப்படுகிறது. வெடிமருந்து இல்லை, உதைப்பு மிகக் குறைவு, குண்டின் விலையும் குறைவு. விசை கேட்கும் வலிமை 500 கிராமுக்குக் குறையலாகாது என்பது போட்டி விதி. 25 மீட்டர்ப் பிரிவில் அது 1000 கிராம். உயர்ந்த அளவுக்கு அன்று, தாழ்ந்த அளவுக்கே விதி வகுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மிக மெல்லிய விசை, விரல் எண்ணுமுன் வெடித்துவிடும். அது பயில்வோனுக்கு நன்மை அன்று, இடர்.

2012-இல் இலண்டனில் விஜய் குமார் 0.22 அங்குலக் கைத்துப்பாக்கியால் வெள்ளிப்பதக்கம் வென்றார். 2024-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களில் மனு பாக்கர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியால், தனியாகவும் சரப்ஜோத் சிங்குடன் இணைந்தும், இரு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். இச்செய்திகளைக் கேட்டு, தில்லி, மும்பை, கல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் பிள்ளைகள் ஆவல் கொள்வது இயல்பே. தில்லியில் இருப்போர்க்கு, 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளுக்காகத் துக்ளக்காபாத்தில் அமைந்த கர்ணி சிங் சுடுகளம் அறிமுகமானதே.

அப்பிள்ளைகளுக்குக் கருவி தேடும் பெற்றோர்க்கு இவ்வரலாறு சில சொற்களைச் சொல்கிறது. வாங்குமுன் களத்தில் உள்ள கருவியைக் கற்பிப்போர் முன்னிலையில் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். குண்டு இல்லை என்று இருமுறை உறுதி செய்தபின், பாதுகாப்பான திசையில் விசையை மெல்ல இழுக்கச் செய்யுங்கள். முதலில் சிறிது தளர்ந்து வரும். பின் ஒரு தடை தோன்றும். அத்தடை கரடுமுரடின்றித் திடுமென விடுபட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே வலிமைக்கு விடுபடுதல் வேண்டும். கைப்பிடி உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா, விரல் வளையாமல் விசையை எட்டுகிறதா என்றும் நோக்குங்கள். மினுமினுப்பும், மேற்பூச்சும், புகழ்பெற்ற பெயரும் இவற்றுக்குப் பின்னரே. குறி பார்க்கும் நேரம் வரும்வரை விரல் விசையைத் தீண்டலாகாது என்னும் பாடமே முதற்பாடம்.

சௌத்போர்ட்டில் நொடித்துப்போன தொழிலாளர் ஒருவரும் ஓவியர் ஒருவரும் சேர்ந்து காட்டிய உண்மை துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. எளியவன் வாங்கும் பொருளில் எதைக் குறைப்பது, எதைக் குறைக்கலாகாது என்று ஆராய்ந்து துணிபவனே உண்மைத் தொழிலறிஞன். கற்பவன் தன் பிழையைத் தானே காணும்படி செய்யும் கருவி, விலை சிறிதாயினும் அவனுக்கு நல்லாசான் ஆகும்.