சேர்ட்டும் மலையகப் பெண்ணும்: அளவு யாருடையது?

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களைக் காட்டும் சுற்றுலாச் சுவரொட்டிகளில் வண்ணச் சேலையுடன் ஒரு பெண் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். ஹாலிஎலவிலோ பசறையிலோ மலையேறும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு வேறொரு காட்சி தெரியும். சேலைக்கு மேல் கணவனின் அல்லது அண்ணனின் பழைய முழுக்கைச் சேர்ட் ஒன்று இருக்கும். குளிருக்கும் தேயிலைச் செடியின் கீறலுக்கும் அதுவே கவசம். மார்பில் இறுகும், தோளில் சரியும், இடுப்பில் பிடிக்கும். ஆணுக்கென வெட்டிய துணி அப்படித்தான் இருக்கும்.

மலையகப் பெண்ணின் உடை வரலாற்றில் "எனக்குப் பொருந்துகிறதா?" என்ற கேள்விக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளருக்குக் கொடுக்கப்பட்ட கம்பளியின் விலைகூட அவர்களது கடன் கணக்கிலேயே ஏறியது. பின்னாளில் புத்தாடை என்பது தீபாவளி முற்பணத்தோடு வருவதாயிற்று. அதுவும் சம்பளத்திலிருந்து மீளக் கழிக்கப்பட்டது. பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான நாட்சம்பளம் கிடைத்தது 1984ஆம் ஆண்டிலேயே. அதன் பின்னரும் பல லயங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே வாங்கிவந்தான். தன் சட்டையைத் தானே தெரிவு செய்வது இவர்களுக்குச் சிறிய உரிமையன்று.

ஆயினும் அக்காலத்தில் ஒரு நன்மை இருந்தது. நகரத்துத் தையற்காரர் நாடாவை எடுத்து அந்த உடலையே அளந்தார். பருத்தவரோ மெலிந்தவரோ, சட்டைதான் உடலுக்கேற்ப மாறியது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் ஆடைத் தொழிலைக் கிராமங்களுக்கும் கொண்டுசென்றது. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் கொழுந்துக் கூடையை விட்டுத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். அவர்கள் தைத்தவை அந்நிய நாட்டுப் பெண்களின் அளவுகள். எஞ்சியவையும் சிறு பழுதுள்ளவையும் நம் ஊர்க் கடைகளிலும் நடைபாதைகளிலும் குவிந்தன.

அந்த அளவுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1939-40இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்தத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டு 1958இல் வெளியான தரநிலை 1983இல் மீளப்பெறப்பட்டது. அதன் பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு கடையின் 'மீடியம்' மற்றக் கடையின் 'லார்ஜ்' ஆவது இதனாலேயே.

மார்பும் இடுப்பும் நிறைந்த ஒரு பெண் சேர்ட் வாங்கப் போகிறார். மார்பில் பொத்தான்களுக்கிடையே இடைவெளி விழுகிறது. பெரிய அளவை எடுத்தால் தோள் கீழே தொங்குகிறது. "என் உடம்புதான் சரியில்லை" என்று அவர் எண்ணிக்கொள்கிறார். இது வீண் பழி. பெரும்பாலான சாதாரண சேர்ட்டுகள் பக்கவாட்டில் நேர்கோடாக வெட்டப்படுபவை. அவற்றில் வளைவுக்கு இடம் வைக்கப்படுவதில்லை.

பழைய தையற்காரரின் அறிவு இங்கேயே உதவும். மார்பளவுக்குப் பொருந்தும் சேர்ட்டை முதலில் தெரிவு செய்யவேண்டும். தோள்தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். தோளைத் திருத்துவது கடினம், இடுப்பைத் திருத்துவது இலகு. மார்பின் கீழே 'டார்ட்' பிடித்துப் பக்கத்தையலைச் சற்று உள்ளெடுத்தால் உருவம் எடுப்பாகத் தெரியும். பொத்தான்களுக்கிடையே மறைவாக ஓர் அழுத்துப் பொத்தான் வைக்கலாம். சேர்ட்டின் விளிம்பு இடுப்பின் மிக அகலமான இடத்தில் முடியாதிருப்பது நல்லது. விறைப்பான துணியை விட மென்மையாக விழும் பருத்தித் துணி சிறந்தது.

உலகத்துப் பெண்களுக்கெல்லாம் சேர்ட் தைத்த கைகள் மலையகத்திலும் உண்டு. அந்தக் கைகளுக்குரிய பெண், எங்கோ எவரோ வகுத்த அளவைக் கொண்டு தன் உடலைக் குறைகூறவேண்டியதில்லை. திருத்தப்படவேண்டியது சட்டையே.