டாபர்டு விடுதியின் வரலாறு

கல்லினும் மரத்தினும் இயன்ற கட்டடங்கள் காலத்தால் அழிவன. சொல்லினால் இயன்றன நெடிது நிற்பன. ஆயினும், நூலிலே நிற்கும் ஒரு பொருளையும், அதன் பெயரைத் தாங்கி நிலத்திலே நின்ற பிறிதொரு பொருளையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதல் உலகியல்பாம். இதற்கு இலண்டன் மாநகரின் தென்புறத்தே சதர்க் என்னும் பகுதியில் இருந்து மறைந்த டாபர்டு விடுதியின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1170-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் காண்டர்பரித் திருக்கோயிலினுள் தலைமைக் குரு தாமசு பெக்கெட்டு வெட்டுண்டு இறந்தார். 1173-இல் அவர் தூயவர் வரிசையிற் சேர்க்கப்பெற்றனர். அதுமுதல் அவர் அடக்கம் பெற்ற இடத்தை வழிபடுவான் வேண்டி யாத்திரிகர் திரள்திரளாகச் செல்வாராயினர். அக்காலத்தே இலண்டனில் தேம்ஸ் ஆற்றைக் கடத்தற்கு இருந்த பாலம் ஒன்றே; அதன் வாயில் இரவில் அடைக்கப்படும். ஆகலின், காலந்தாழ்ந்து வருவோரும் வைகறையிற் புறப்பட விழைவோரும் பாலத்தின் தென்தலையிலுள்ள சதர்க்கிலே தங்கினர். அங்கே விடுதிகள் மல்கியதற்கு இதுவே காரணமென்க.

1307-ஆம் ஆண்டளவில் வின்செஸ்டர் நகரை அடுத்த ஹைடு மடத்தின் தலைவர், தாமும் தம்மைச் சார்ந்தோரும் இலண்டனுக்கு வருங்கால் தங்குதற்பொருட்டு அவ்விடத்தில் நிலம் வாங்கினார். அதன்கண் எழுந்ததே டாபர்டு. டாபர்டு என்பது கட்டியக்காரர் அணியும் கையில்லாச் சட்டை. அதுவே விடுதியின் அடையாளம். அந்நாளைய நகர மனைகள் பெரும்பாலும் கருவாலி மரச்சட்டங்களால் ஆயவை. ஒரு சட்டத்தின் துளையில் மற்றொன்றின் நாவைச் செருகி மர ஆணியால் இறுக்குவர்; இடைவெளிகளைக் கழிகள் பின்னி மண் பூசி அடைப்பர். அவை உறுதியுடையனவேயாயினும் தீக்கு எளிதில் இரையாவன.

சாசர் என்னும் ஆங்கிலப் புலவர் தம் காண்டர்பரிக் கதைகள் என்னும் நூலில், யாத்திரிகர் 29 பேர் இவ்விடுதிக்கு வந்து சேர்ந்ததாகப் பாடியுள்ளார். அந்நூலில் வரும் விடுதித்தலைவன் பெயர் ஹாரி பெய்லி. அப்பெயருடையார் ஒருவர் சதர்க்கில் விடுதி நடத்தினார் என்பதும், 1370-க்கும் 1380-க்கும் இடையே அவ்வூரின் சார்பாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார் என்பதும் ஆவணங்களால் அறியப்படுகின்றன. எனவே, விடுதி புலவர் புனைந்ததன்று, உண்மையில் இருந்ததேயாம்.

1538-இல் எட்டாம் ஹென்றி மன்னன் ஆணையால் பெக்கெட்டின் அடக்கவிடம் அழிக்கப்பட்டது. ஹைடு மடமும் அவ்வாண்டிலேயே கலைக்கப்பட்டது. யாத்திரையும் ஒழிந்தது, கட்டுவித்த மடமும் ஒழிந்தது. விடுதியோ வணிகரையும் வழிப்போக்கரையும் ஏற்று நிலைத்தது. 1598-இல் இலண்டன் வரலாறு வரைந்த ஜான் ஸ்டோ என்பார் சதர்க் விடுதிகளுள் இதனையே மிகப் பழைமையானதாகக் குறித்தனர்.

1676-இல் எழுந்த பெருந்தீயிற் சதர்க்கின் பெரும்பகுதியோடு இவ்விடுதியும் வெந்தொழிந்தது. பின்னர் அவ்விடத்தே மரமாடத் தாழ்வாரங்களோடு புதிய விடுதி எழுந்தது. டாபர்டு என்ற பெயரும் டால்பட்டு எனத் திரிந்தது. டால்பட்டு என்பது ஒருவகை வேட்டைநாய். ஒலியொப்புமையாற் சட்டை நாயாயிற்று! ஆயினும், சாசரின் யாத்திரிகர் தங்கியது இதுவேயென அதன் முகப்பில் எழுதிவைத்தனர். தீக்குப் பின்னெழுந்த மாடங்களையே புலவர் கண்ட மாடங்களெனப் பலர் நம்பி வியந்தனர்.

1836-இல் இலண்டன் பாலத்தருகே இருப்புப்பாதை வந்தது. குதிரை வண்டிகளை நம்பியிருந்த விடுதிகள் தளர்ந்தன. 1873-இல் டால்பட்டு இடிக்கப்பட்டது. அதே தீக்குப் பின் எழுந்த ஜார்ஜ் விடுதியின் ஒரு பக்கமே இன்றும் எஞ்சி நின்று, அக்கட்டட அமைதியை ஒருவாறு காட்டுகின்றது.

இவ்வாற்றால், சாசர் கண்ட விடுதி 1676-இலும், அதன் பெயர்வழி நின்ற விடுதி 1873-இலும் அழிந்தன என்று பிரித்தறிதல் வேண்டும். நூலின்கண்ணும் ஒன்று நோக்கத்தக்கது. மிகச் சிறந்த கதை சொல்லியவர்க்குத் திரும்பி வந்தபின் டாபர்டில் விருந்தளிப்பதென உடன்பட்டே அவர்கள் புறப்பட்டனர். நூல் முற்றுப்பெறாமலே 1400-இல் சாசர் மறைந்தார். எஞ்சியுள்ள 24 கதைகளில் யாத்திரிகர் மீண்டு வரவே இல்லை. விடுதியை அழியாது காத்த நூலிலும் அவ்விருந்து நிகழாமலே நின்றுவிட்டது.